குடிக்காத மனுஷனுக்குக் கட்டின கயிறு

முதல்லயே சொல்லிடறேன், எங்க வூட்டுக்காரரு குடிக்கல. ஒன்றரை வருஷம் நான் அதை நம்பல. ஊர்ல சொன்னேன், பெத்த பொண்ணுகிட்ட சொன்னேன், கோயில்ல கொண்டு போய் நிறுத்தி பூசாரிகிட்ட சொன்னேன், இந்த ஆளு திருட்டுத்தனமா குடிக்கிறாருன்னு. அவரு திருப்பித் திருப்பி ஒண்ணுதான் சொன்னாரு, "குடிக்கலடி"ன்னு. உன்னை நம்பிட்டேன்யான்னு நான் இப்ப அவருகிட்ட சொல்லணும். அது அவரு காதுல விழுந்து மனசுக்குள்ள இறங்கணும். வேற எந்த ஆசையும் எனக்கு மிச்சம் இல்ல.

பாண்டிச்சேரியில பாகூர் பக்கம் எங்க ஊரு. கொஞ்சம் நெல்லு, கொஞ்சம் கரும்பு, ரெண்டு மாடு. நான் அங்கன்வாடியில டீச்சரா இருந்து ரிடையர் ஆனவ. ஒரே பொண்ணு, நெட்டப்பாக்கத்துல கட்டிக் கொடுத்திருக்கோம். அவரு வயசுக் காலத்துல குடிச்சாரு, இல்லன்னு நான் சொல்லல. நல்லாவே குடிச்சாரு. எங்க பக்கம் குடிக்கணும்னா யாரும் கஷ்டப்படத் தேவையில்ல. எந்த ரோட்டுல திரும்பினாலும் ஒரு கடை. பிராந்திக்கடை, சாராயக்கடை, கள்ளுக்கடை, எது வேணும் உனக்கு? எல்லைக்கு அந்தாண்ட தமிழ்நாட்டுலேருந்து வண்டி போட்டுக்கினு கூட்டம் கூட்டமா வருவானுங்க. பொண்ணுக்கு ஏழு வயசு இருக்கும்போது அவளை வண்டியில முன்னாடி உக்கார வச்சிக்கினு குடிச்சிட்டு வந்து வாய்க்கால்ல விட்டாரு. கொழந்தைக்குக் கை ஒடிஞ்சிப்போச்சு. மறுவாரமே, நான் ஒரு வார்த்தை கேக்காம, தானா போய்க் கோயில்ல கயிறு கட்டிக்கினாரு.

குடிய விடறதுக்கு எங்க ஊர்ல இது ஒரு வழக்கம். தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு ஈரத்துணியோட சாமி முன்னாடி நிக்கணும். பூசாரி குடிச்சியான்னு கேப்பாரு. குடிச்சேன், இனிமே தொடமாட்டேன்னு எரியற கற்பூரத்து மேல அடிச்சி சத்தியம் பண்ணணும். அப்புறம்தான் கையில கயிறு. ஆறு மாசம், ஒரு வருஷம்னு கெடு வச்சிக் கட்டிக்கிறவங்கதான் நெறய. கெடு முடிஞ்ச அன்னிக்கே கடைக்கு ஓடறவனும் உண்டு. எங்க வூட்டுக்காரரு ஆயுசுக்கும்னு கட்டினாரு. சத்தியத்தை மீறினவனுக்கு புத்தி பேதலிச்சிப் போயிடும்னு ஊர்ல பெரியவங்க சின்னவங்க எல்லாரும் சொல்லுவாங்க. பதினெட்டு வருஷம் அவரு ஒரு சொட்டு தொடல.

அதுக்கப்புறம் ஒரு நாள் மத்தியானம். நான் அங்கன்வாடியிலேருந்து வந்து செருப்பைக்கூட கழட்டல, எதிர்வூட்டுக்காரி வந்துட்டா. "டீச்சரே, உங்க வூட்டுக்காரரு எங்க வூட்டுக் கட்டில்ல வந்து படுத்துக்கினு கீறாரு. எழுந்திருங்கண்ணேன்னா கன்னாபின்னான்னு திட்றாரு. இன்னா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரா?" கேக்கும்போதே அவளுக்கு சிரிப்பு. ஓடிப்போய்ப் பாத்தேன். பனியனைத் திருப்பிப் போட்டுக்கினு, லுங்கி அவுந்தது தெரியாம மல்லாந்து கிடக்குறாரு. தோளைத் தொட்டு எழுப்பினேன். என்னைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னாரு, குடிச்ச காலத்துலகூட அந்த வார்த்தை அவரு வாயிலேருந்து வந்ததில்ல. எழுந்து நடந்தாரு, கால் நிதானமா இல்ல. எனக்கு வேற ரோசனையே வரல. இருபத்தேழு வருஷம் சின்னப் புள்ளைங்களோட இருந்தவ நான். எந்தப் புள்ளைக்குக் காது கேக்கல, எதுக்குக் கண்ணு சரியில்லன்னு பெத்தவங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். கட்டின புருஷனைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சது பிராந்தி மட்டும்தான்.

வூட்டைத் தலைகீழா பொரட்டினேன். மோட்டார் கொட்டாய், வைக்கப்போரு, தவிட்டு மூட்டைக்கு அடியில, வண்டிப் பை எல்லாத்தையும் பாத்தேன். ஒரு பாட்டிலு கிடைக்கல. கிடைக்கலன்னதும் நம்பியிருக்கணும் இல்ல? எனக்கு இன்னும் கோவம்தான் ஏறுச்சு. ஒளிச்சி வைக்கிறதுல அவ்ளோ கெட்டிக்காரனாய்யா நீயின்னு. வாயை ஊதச் சொன்னேன். நாத்தம் இல்ல. வெத்தலை போட்டு மறைக்கிறாருன்னு நினைச்சிக்கினேன். அவரு வெத்தலையே போடமாட்டாரு. அன்னிலேருந்து தினம் சாயந்திரம் மாடு கறந்துட்டு வந்து முதல் வேலையா "ஊதுய்யா"ம்பேன். ஊதிக் காட்டினாதான் சோறு.

அப்புறம் ஒண்ணு மாத்தி ஒண்ணு. பக்கத்துக் கழனியில நெல்லு அறுப்புக்கு நிக்குது, நாலு நாள்ல மிஷின் இறங்கணும். இவரு மோட்டாரைப் போட்டு, வரப்பை வெட்டி, ஒரு பகல் முழுக்க அந்தக் கழனிக்குத் தண்ணியத் திருப்பி விட்டுட்டாரு. கதிரு மொத்தமும் சாஞ்சி சேத்துல படுத்துக்கிச்சு. கழனிக்காரரு மண்வெட்டியோட எங்க வாசல்ல வந்து நின்னாரு. அவரு கத்தினது தெருவுக்கே கேட்டுச்சு. நான் கையெடுத்துக் கும்பிட்டு, "குடிச்சிட்டுத் தெரியாம பண்ணிட்டாருண்ணே, மன்னிச்சிக்கோங்க"ன்னேன். எங்க வூட்டுக்காரரு செவுத்துல சாஞ்சி நின்னுக்கினு, "நம்ம கழனிதானே"ன்னாரு. வாயை மூடுன்னு நான் ஒரு அதட்டு போட்டேன்.

பேரனுக்குக் காது குத்தறதுக்கு நெட்டப்பாக்கம் போனோம். பந்தியில சம்பந்திக்குப் பக்கத்துல உக்கார வச்சாங்க. பாதி சாப்பாட்டுல இவரு கையை நீட்டி சம்பந்தி இலையில இருந்த வடையை எடுத்துத் தின்னாரு. சம்பந்தி சிரிச்சிக்கினே, "இன்னா சம்பந்தி, வடை இன்னொண்ணு வைக்கச் சொல்லட்டுமா"ன்னாரு. நல்ல மனுஷன். அவரை இவரு சபை நடுவுல கெட்ட வார்த்தையில திட்டினாரு. என் பொண்ணு கரண்டியோட அப்படியே நின்னுட்டா. அப்புறம் என்னைத் தனியா இழுத்துக்கினு போய், "ஏம்மா, கொழந்தைக்குக் காது குத்தற அன்னிக்காவது இவரால குடிக்காம இருக்க முடியாதா?"ன்னு அழுதா. நான் இன்னா சொல்லியிருக்கணும்? எனக்கும் தெரியலடி, ஏதோ சரியில்லடின்னு சொல்லியிருக்கணும். "அது திருந்தாத ஜென்மம்"னு சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில கோயிலுக்கு இழுத்துக்கினு போனேன். அடிபம்புல உக்கார வச்சி தலையில தண்ணி ஊத்தினேன். "இப்பதானே குளிச்சேன், எதுக்குடி மறுபடியும்?"னு கேட்டாரு. ஈரத்தோட நடுங்கிக்கினே சாமி முன்னாடி நின்னாரு. பூசாரி வழக்கம்போல கேட்டாரு.

"குடிச்சியா?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்குப்பா வந்து நிக்கிற? குடிக்காதவனுக்கு நான் எப்பிடிக் கயிறு கட்டறது?"

நான் பின்னாடி நின்னு அவரு கையை நறுக்குன்னு கிள்ளினேன். "யோவ், குடிச்சேன்னு சொல்லுய்யா. சொன்னாதான் வூட்டுக்குப் போவ முடியும்"னேன். என் மூஞ்சியைப் பாத்தாரு. அந்தப் பார்வையில கோவம் இல்ல. பரீட்சையில பதில் தெரியாத புள்ளை டீச்சரைப் பாக்குமே, அந்த மாதிரி. அப்புறம் பூசாரி பக்கம் திரும்பி, "குடிச்சேன்"ன்னாரு. "இனிமே?"ன்னாரு பூசாரி. இவரு மறுபடியும் என்னைப் பாத்தாரு. "தொடமாட்டேன்னு சொல்லு"ன்னேன். சொன்னாரு. கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டுல நீட்டினாங்க. எல்லாரும் பட்டுன்னு அடிச்சிட்டுக் கையை எடுத்துடுவாங்க. இவரு கையை வச்சாரு, எடுக்கல. எடுக்கணும்னு தெரியல. பூசாரிதான் பதறிப்போய்க் கையைப் புடிச்சி இழுத்து, கயிறு கட்டிவிட்டாரு. பக்கத்துல நின்ன ஒரு பொம்பளை, "எவ்ளோ வைராக்கியம் பாரு இந்த மனுஷனுக்கு"ன்னு கன்னத்துல போட்டுக்கினா. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. ஆமா, சந்தோஷமாதான் இருந்துச்சு, எதுக்கு மறைக்கணும்?

உள்ளங்கை கொப்பளிச்சி ஆற இருபது நாள் ஆச்சு. அது ஆறுறதுக்குள்ள ஒரு நாள் காலையில, அடுப்படிக்குப் பக்கத்துல அரிசி டிரம் இருக்கிற மூலையில போய் நின்னுக்கினு ஒண்ணுக்குப் போனாரு. நான் கையில விளக்குமாறோட இருந்தேன். சாமி முன்னாடி சத்தியம் பண்ணிட்டு மறுபடியும் குடிச்சிட்டு வந்தியான்னு அடிச்சேன். எத்தினி அடின்னு தெரியல. அவரு திருப்பி அடிக்கல, திட்டல. தலை மேல ரெண்டு கையையும் வச்சிக்கினு செவுத்தோட ஒண்டி நின்னாரு. அங்கன்வாடியில தினத்துக்கு எத்தினி புள்ளைங்க எம்மேல ஒண்ணுக்குப் போயிருக்கும், ஒரு புள்ளையை நான் அடிச்சதில்ல. அதுக்கப்புறம் மூணு மாசம் நான் அவருகிட்ட பேசல. சாயந்திரம் "ஊது"ன்னு சொல்றது மட்டும்தான் பேச்சு. சோத்துத் தட்டைத் தரையில தள்ளி விடுவேன். குடிகாரனுக்கு இதுவே ஜாஸ்தின்னு நினைச்சேன்.

சுகர், பிரஷர் பாக்க வூடு வூடா வர்ற நர்சம்மா ஒரு நாள் வந்தாங்க. சின்னப் பொண்ணுதான், புதுசா வேலைக்கு வந்தவ. அவரு கையைப் புடிச்சி பட்டையைச் சுத்தறதுக்குள்ள, இவரு வாயைத் தொறந்து அவ மூஞ்சியில "ஹா"ன்னு ஊதினாரு. ஊதிட்டு, போதுமான்னு பாக்கற மாதிரி அவளையே பாத்துக்கினு இருந்தாரு. அவ திடுக்குன்னு பின்னாடி போனா. "எதுக்குக்கா ஊதறாரு?" நான் விஷயத்தைச் சொன்னேன். அவ மறுபடியும் கிட்ட வந்து மோந்து பாத்தா. "நாத்தமே இல்லியே. எத்தினி நாளாக்கா இப்பிடி ஊத வைக்கிறீங்க?" ஒன்றரை வருஷமா ஊத வைக்கிறேன்னு சொன்னேன். "இத்தினி நாள்ல ஒரு தடவையாவது நாத்தம் வந்துச்சா?"

ஒரு தடவைகூட வரல. அதை யாரும் அதுவரைக்கும் என்னைக் கேக்கல, நானும் என்னைக் கேட்டுக்கல. அவ அவரைப் பாத்து இது இன்னா மாசம்னு கேட்டா. இவரு வெளியில வெயிலைப் பாத்துட்டு, "அறுப்பு மாசம்"னு சமாளிச்சாரு. பேனாவைக் காட்டி இது இன்னான்னு கேட்டா. "எழுதறது"ன்னாரு. அவ ஒரு சீட்டு எழுதிக் குடுத்து, "நாளைக்கே பாண்டிக்குக் கூட்டிக்கினு போங்கக்கா, இது குடி மாதிரி தெரியல"ன்னா.

பாண்டியில பெரிய ஆஸ்பத்திரியில ஒரு லேடி டாக்டரு. ஸ்கேன் எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. கடிகாரம் வரையச் சொன்னாங்க. நம்பர் எல்லாத்தையும் ஒரே பக்கம் குமிச்சி எழுதி வச்சாரு. பக்கத்து வூட்டுலேருந்து குபுகுபுன்னு புகை வந்தா இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. "சோறு ஆக்கறாங்க"ன்னாரு. கூட வந்த என் பொண்ணு வாயைப் பொத்திக்கினு வெளியில போயிட்டா. டாக்டரு படத்தைக் காட்டிச் சொன்னாங்க, நெத்திக்குப் பின்னாடி இருக்கிற மூளை சுருங்கிக்கினே வருதும்மா, மறதி வர்றதுக்கு முன்னாடியே சில பேருக்கு நடத்தைதான் மாறும், வெக்கம், அடக்கம், எங்க எதைப் பேசணும்ங்கறது எல்லாம் அந்த இடத்துலதான் கீதுன்னு. திரும்பி வராதான்னு கேட்டேன். வராதுன்னாங்க. இன்னும் போவும்னாங்க. நான் கேக்க வேண்டியதை கடைசியாதான் கேட்டேன். "இவரு குடிக்கலியா டாக்டர்?" அவங்க பேப்பரைப் பொரட்டிப் பாத்துட்டு, "குடிச்சதுக்கு எந்த அடையாளமும் இல்லியேம்மா. ஏன், அவரு இன்னா சொல்றாரு?"ன்னாங்க.

ஐயோ, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அவரு இன்னா சொல்றாருன்னு ஒரு டாக்டரு கேட்டப்புறம்தான், அவரு "குடிக்கலடி"ன்னு சொல்லிக்கினே இருந்தது எனக்கு ஞாபகத்துக்கு வருது.

அவரு பண்றது எதுவும் வேணும்னு பண்றதில்ல, அவருக்குள்ள அதுக்கு ஏதாவது ஒரு காரணம் இருக்கும், தேடிப் பாருங்கன்னு டாக்டரம்மா சொல்லி அனுப்பினாங்க. வூட்டுக்கு வந்து அரிசி டிரம்மு பக்கத்துல நின்னு பாத்தேன். பழைய வூட்டை இடிச்சிக் கட்டறதுக்கு முன்னாடி கொல்லைக்குப் போற கதவு அந்த மூலையிலதான் இருந்துச்சு. மனுஷன் கொல்லைப்பக்கம் போயிருக்காரு. பக்கத்துக் கழனி, பாகம் பிரிக்கிறதுக்கு முன்னாடி எங்க மாமனாரோடது. வயசுப் பையனா இருந்தப்ப அதுக்குத் தண்ணி கட்டினது இவருதான். நம்ம கழனிதானேன்னு அன்னிக்கு அவரு சொன்னது நிஜம். எதிர்வூட்டுக் கட்டிலும் எங்க வூட்டுக் கட்டிலும் ஒரே கடையில ஒரே நாள்ல வாங்கினது. திட்டினதுக்கு மட்டும் எனக்குக் காரணம் கிடைக்கல. எல்லாத்துக்கும் காரணம் கிடைக்காதுன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. ஊதறதுக்குக் காரணம் தேட வேண்டிய அவசியமே இல்ல. பால் சொசைட்டிக்காரன், பஸ் கண்டக்டர், பேரப்புள்ளை, யாரு கிட்ட வந்தாலும் அவரு வாயைத் தொறந்து ஊதினாரு. அது வியாதி குடுத்தது இல்ல. நான் குடுத்தது.

அவரு குடிக்கலன்னு அப்புறம் ஊர்ல வூடு வூடா போய்ச் சொன்னேன். யாரு நம்பறா? என் நாத்தனாரு, அவரு கூடப்பொறந்தவ, சொன்னா: "அண்ணி, நீதானே சொன்ன, சாமி முன்னாடி குடிச்சேன்னு ஒத்துக்கினாருன்னு? சத்தியத்தை மீறினாரு, சாமி புத்தியைப் புடுங்கிக்கிச்சு. டாக்டரு அதுக்கு ஒரு பேரு வச்சிக் குடுத்திருக்காங்க." நான் கிள்ளித்தான் சொல்ல வச்சேன்டின்னேன். "குடிக்காத ஆம்பளை குடிச்சேன்னு ஏன் சொல்லப்போறான்?"னா. தெருவுல நின்னு அவகூட மல்லுக்கு நின்னேன், காறித் துப்பினேன். அவ மேல தப்பு சொல்லி இன்னா பண்றது? இன்னிக்கும் எங்க தெருவுல புள்ளைங்களை அதட்டறவங்க எங்க வூட்டைக் காட்டறாங்க. சத்தியத்தை மீறினா இப்பிடித்தான் ஆவும்னு.

அதனால எனக்கு மிஞ்சினது அவருகிட்ட சொல்றது ஒண்ணுதான். நாலு வருஷமா சொல்லிக்கினு இருக்கேன். சோறு ஊட்டும்போது சொல்லுவேன், சட்டை மாட்டும்போது சொல்லுவேன். அவரு கோழியைப் பாத்துக்கினு இருப்பாரு, இல்ல சட்டைப் பொத்தானைத் திருகிக்கினு இருப்பாரு. பேச்சு ரொம்ப கொறைஞ்சிப் போச்சு. நான் யாருன்னும் தெரியறதில்ல. "ஏம்மா"ன்னு கூப்புடறாரு, வாங்க போங்கன்னு மரியாதையா பேசறாரு. நாப்பது வருஷம் "டி" போட்ட வாயி.

இந்த வருஷம் பொங்கல் கழிஞ்சி ஒரு நாள் காலையில, வெயில்ல உக்கார வச்சி அவருக்கு நகம் வெட்டிக்கினு இருந்தேன். எப்பவும்போல சொன்னேன். "நீங்க குடிக்கலைங்க. எனக்குத் தெரியும். ஒரு நாளும் குடிக்கல."

அவரு திரும்பி என்னைப் பாத்தாரு. நெஜமாவே பாத்தாரு, ரொம்ப நாள் கழிச்சி. கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு. என் மணிக்கட்டை இறுக்கிப் புடிச்சிக்கினாரு. "நெசமாவா சொல்றீங்க?"

"ஆமாங்க. நீங்க குடிக்கல."

"ஒருத்தரும் நம்பலம்மா"ன்னாரு. "நீங்க நல்லா இருக்கணும்."

விழுந்துடுச்சுடா சாமி, அவரு காதுல விழுந்துடுச்சுன்னு எனக்கு அழுகை பொத்துக்கினு வந்துச்சு. நகவெட்டியைக் கீழ போட்டுட்டு அவரு கையை என் ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினேன். அவரு தெருவுல யாராவது வராங்களான்னு ஒரு தடவை பாத்துட்டு, குரலைத் தாழ்த்திக்கினு எங்கிட்ட குனிஞ்சாரு.

"எங்க வூட்ல ஒருத்தி கீறாம்மா. ஒரு நடை வந்து அவகிட்ட இதைச் சொல்லுங்களேன். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா."

"அவ நம்பிட்டா"ன்னேன். "சத்தியமா நம்பிட்டா."

அவரு என் கையை விட்டுட்டாரு. தலையை மெதுவா ஆட்டினாரு.

"உங்களுக்கு அவளைத் தெரியாது"ன்னாரு.